ரீல்ஸ், லைக், தூக்கம்: சமூக வலைதளமும் பிள்ளைகளின் மனநலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர் கூட்டங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் இந்தப் பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. சில அம்மா அப்பா கேட்பவை, சில ஆசிரியர்கள் கேட்பவை, சில பிள்ளைகளே கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து கேட்பவை. எல்லோரும் முதலில் கேட்பது "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?" என்பதைத்தான். அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் திரையில் தவறாக ஏதாவது நடந்தால், அதைப் பயமில்லாமல் வந்து சொல்ல பிள்ளைக்கு வீட்டில் ஒருவராவது இருக்கிறார்களா என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி. கீழே உள்ள பதில்கள் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

சமூக வலைதளம் பிள்ளைகளின் மனநலத்தைக் கெடுக்கிறது என்று நிரூபித்துவிட்டார்களா?

ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் சொல்ல முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

2019இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி இருவரும் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசினார்கள். பிள்ளைகளுக்கு இடையே மனநலத்தில் தெரியும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டைக் கொண்டு விளக்க முடிந்தது. அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் கிட்டத்தட்ட இதே அளவில்தான் இருந்தது என்று அவர்களே எழுதினார்கள். "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள் இந்த ஆய்வைத்தான் காட்டுவார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. ஃபேஸ்புக் 2004இல் ஹார்வர்டில் தொடங்கி, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகத்தான் திறந்துவிடப்பட்டது. அதனால் ஒரே காலகட்டத்தில் ஃபேஸ்புக் வந்த கல்லூரிகளும் இருந்தன, இன்னும் வராத கல்லூரிகளும் இருந்தன. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திப் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஃபேஸ்புக் வந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் மோசமானது. மற்றவர்களோடு தங்களை ஒப்பிட்டுக் குமைந்ததே இதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. இதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2018இல் 143 மாணவர்களை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடமாக, மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன.

இரண்டும் எப்படி உண்மையாக முடியும்? சராசரிதான் விஷயம். பத்துப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு ஒன்றுமே ஆகவில்லை, இரண்டு பேருக்கு நல்லதே நடந்தது, இரண்டு பேருக்கு மனம் உடைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி போட்டால் பாதிப்பு மிகச் சிறியதாகத்தான் தெரியும். உங்கள் வீட்டுப் பிள்ளையோ சராசரி கிடையாது. மனம் உடைந்த அந்த இரண்டு பேரில் ஒருவராக இருக்கிறாளா என்பதுதான் உங்கள் கவலை. அதற்குப் பதில் சொல்ல எந்த ஆய்வாலும் முடியாது, பக்கத்தில் இருக்கும் உங்களால்தான் முடியும்.

அப்படியானால் உண்மையிலேயே பாதிக்கப்படுபவர்கள் எவ்வளவு பேர்?

உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு, 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 2.8 லட்சம் பேரிடம் கேட்டு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விட முடியாமல் தவிப்பது, விட்டால் எரிச்சல், மற்ற வேலைகள் கெடுவது போன்ற சிக்கலான பயன்பாடு 2018இல் 7 சதவீதத்தினரிடம் இருந்தது. 2022இல் அது 11 சதவீதம். பெண் பிள்ளைகளில் 13, ஆண் பிள்ளைகளில் 9.

அது ஐரோப்பாவின் கணக்கு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 45 பேர் உள்ள வகுப்பில் நாலைந்து பேர் என்று கற்பனை செய்தால், ஆசிரியர்கள் பலரும் "ஆமாம், அந்த நாலைந்து பேர் யார் என்று எனக்கே தெரியும்" என்பார்கள்.

இதை உருவாக்கிய கம்பெனிகளுக்குத் தெரியாதா?

தெரியும். இதில் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

திரையைத் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பிறகு அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவர் ஷான் பார்க்கர், மனித மனத்தின் பலவீனத்தைப் பயன்படுத்தித்தான் இதைக் கட்டினோம், தெரிந்தேதான் செய்தோம் என்று 2017இல் பொதுமேடையில் சொன்னார். யாராவது லைக் போடும்போது கிடைக்கும் சிறு கிளர்ச்சிக்காக மறுபடி மறுபடி வருவோம் என்பதே கணக்கு.

2021இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். ஏற்கெனவே தங்கள் உடலைப் பற்றி வருத்தத்தில் இருந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியது என்று சொன்னதாக நிறுவனத்தின் சொந்த ஆய்வே அதில் பதிவு செய்திருந்தது. அந்தச் சலசலப்பில்தான் 13 வயதுக்குக் கீழானவர்களுக்கென்று திட்டமிட்டிருந்த தனி இன்ஸ்டாகிராமை நிறுத்திவைத்தார்கள்.

இதைப் பெற்றோருக்கு ஏன் சொல்கிறேன் என்றால், "உனக்குக் கட்டுப்பாடே இல்லை, ஒரு போனைக் கீழே வைக்க முடியாதா?" என்று 14 வயதுப் பிள்ளையைத் திட்டுகிறோம். எதிர்ப்பக்கத்தில் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் அந்தப் போன் கீழே இறங்காமல் இருக்க வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளையின் குற்றமாக மட்டும் இதைப் பார்ப்பது நியாயமில்லை.

அல்காரிதம் என்கிறார்களே, அதனால் மனநலத்துக்கு என்ன ஆபத்து?

அடுத்து உங்களுக்கு எதைக் காட்டுவது என்று செயலி தானாக முடிவு செய்யும் முறைதான் அல்காரிதம். எதில் உங்கள் கண் கொஞ்ச நேரம் நின்றதோ, அதையே இன்னும் கொண்டுவந்து கொட்டும். கிரிக்கெட் பார்த்தால் கிரிக்கெட், சமையல் பார்த்தால் சமையல். சோகத்தில் இருக்கும் பிள்ளை சோகமான வீடியோவில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது.

லண்டனில் மோலி ரஸ்ஸல் என்ற 14 வயதுச் சிறுமி 2017 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். கடைசி ஆறு மாதங்களில் அவள் இன்ஸ்டாகிராமில் சேமித்த, லைக் போட்ட, பகிர்ந்த பதிவுகள் சுமார் 16,300. அதில் 2,100 மனச்சோர்வு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, தற்கொலை ஆகியவை பற்றியவை. அவள் தேடாமலேயே வந்து சேர்ந்தவையும் அவற்றில் உண்டு. 2022 செப்டம்பரில் விசாரணை அதிகாரி, மனச்சோர்வோடு இணையப் பதிவுகளின் தீய விளைவுகளும் அவள் சாவுக்குக் காரணம் என்று பதிவு செய்தார். வீட்டில் இருந்தவர்களுக்கு அவள் சாதாரணமான, சிரித்த முகமான பிள்ளையாகவே தெரிந்திருக்கிறாள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் ஒருபோதும் இருப்பதில்லை. அந்த வழக்கிலும் மனச்சோர்வு இருந்தது. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மழையில் நிறுத்துவது போன்ற காரியத்தை அந்தத் திரை செய்தது.

இன்ஸ்டாகிராமில் பரிந்துரைகளை அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதி இருக்கிறது. யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழிக்கலாம். பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள்.

சரி, எத்தனை மணி நேரம்தான் பார்க்கலாம்?

அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட எச்சரிக்கையில், நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக வலைதளத்தில் இருக்கும் பதின்ம வயதினருக்கு மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் வரும் ஆபத்து இரு மடங்கு என்று ஓர் ஆய்வைக் குறிப்பிட்டார். ஒரு எண் வேண்டும் என்றால் 3 மணி நேரத்தை எச்சரிக்கைக் கோடாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தினமும் வீட்டில் பஞ்சாயத்து நடத்தாதீர்கள். சாயங்காலம் 5 மணிக்குத் தோழியோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு பார்க்கும் ஒரு மணி நேரமும், நள்ளிரவு 1 மணிக்குப் போர்வைக்குள் தனியாகப் பார்க்கும் ஒரு மணி நேரமும் ஒன்றாகாது. அந்த நேரத்தில் வேறு என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். விளையாட்டா, தூக்கமா, பாட்டியோடு பேச்சா? போன் அதைத் தின்றிருந்தால் அரை மணி நேரமே அதிகம்தான்.

தூக்கத்துக்கும் மனநலத்துக்கும் அவ்வளவு தொடர்பா?

எல்லாக் கேள்விகளிலும் ஒன்றே ஒன்றைத்தான் செயல்படுத்த முடியும் என்றால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகும். தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் பெரியவர்களைவிடத் தாமதமாகத்தான் சுரக்கும். அதனால் "ஒன்பது மணிக்குப் படுத்தால் தூக்கம் வரவில்லை" என்று பிள்ளை சொன்னால் அது சோம்பேறிச் சாக்கில்லை. ஆனால் காலையில் பள்ளி வேன் ஏழு மணிக்கே வந்துவிடும். ப்ளஸ் டூ, நீட் என்றால் ஐந்து மணிக்கே எழுப்பிவிடுகிறோம். இரண்டு பக்கமும் இப்படி நறுக்கிவிட்ட தூக்கத்தில், மிச்சம் இருப்பதையும் போன் எடுத்துக்கொள்கிறது.

வெளிச்சம் மட்டும் பிரச்சினையில்லை. பதினோரு மணிக்கு வகுப்பு குரூப்பில் யாரோ ஒரு கிண்டல் போட, அதற்கு நாலு பேர் சிரிக்க, அது தன்னைப் பற்றித்தானா என்று யோசித்துக்கொண்டே படுக்கும் பிள்ளை எப்படித் தூங்கும்? தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல், கவனக்குறைவு, அழுகை. அந்த மனநிலையில் போன்தான் ஆறுதல். மறுபடி இரவு. இந்தச் சுற்றை உடைக்க எளிதான இடம் படுக்கையறைதான்.

செய்ய வேண்டியது: இரவில் வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். எல்லாப் போன்களும் என்றால் அப்பாவுடையதும்தான். "அலாரத்துக்கு வேண்டுமே" என்பார்கள். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத்தான் பாதிப்பு அதிகமா?

பல ஆய்வுகளில் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் வயதும் முக்கியம். பிரிட்டன் தரவுகளை வைத்து 2022இல் ஆர்பன் குழு வெளியிட்ட ஆய்வில், பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயது, ஆண் பிள்ளைகளுக்கு 14, 15 வயது என்று சில காலங்கள் தனியாகத் தெரிந்தன. அந்த வயதில் பயன்பாடு கூடினால் ஒரு வருடம் கழித்து வாழ்க்கையில் நிறைவு குறைந்திருந்தது. 19 வயதில் இருபாலருக்கும் மறுபடி ஒருமுறை. பருவமடையும் காலமும், வீட்டைவிட்டு வெளியேறும் காலமும் என்று எளிதாகப் புரிந்துகொள்ளலாம். முதல் வருடம் விடுதியில் சேர்ந்த பிள்ளையைப் பற்றி நாம் கவலைப்படுவதே இல்லை, "பெரியவனாகிவிட்டான்" என்று விட்டுவிடுகிறோம். அந்த 19 வயது என் மனதில் நின்றுவிட்டது.

நம் ஊரில் இதோடு நிறமும் சேர்ந்துகொள்கிறது. கருப்பு என்று வீட்டிலேயே சொல்லிச் சொல்லி வளர்த்த பெண்ணுக்கு, முகத்தை வெளுப்பாக்கி மூக்கைச் சின்னதாக்கும் ஃபில்டர் கையில் கிடைக்கிறது. ஃபில்டர் போட்ட படத்துக்கு நூறு லைக், போடாத படத்துக்கு இருபது. இதிலிருந்து அவள் என்ன கற்றுக்கொள்வாள்? போனைக் குறை சொல்வதற்கு முன், கல்யாண வீட்டில் "பிள்ளை கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்லும் அத்தைகளை நிறுத்துங்கள்.

ஆண் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஜிம் உடம்பு இல்லை என்ற ஏக்கம், பணம் இல்லை பைக் இல்லை என்ற தாழ்வு, பெண்களை வெறுக்கச் சொல்லித்தரும் பக்கங்கள், சாதிப் பெருமை ரீல்ஸ் எல்லாம் அவர்கள் பக்கம்தான் அதிகம் போகின்றன. அந்த ரீல்ஸில் இழிவுபடுத்தப்படும் பிள்ளையும் அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை ஆசிரியர்கள் மறக்கக்கூடாது.

என் மகளுக்கு 12 வயது. எல்லோரும் வைத்திருக்கிறார்கள், எனக்கும் இன்ஸ்டா வேண்டும் என்கிறாள்.

விதிப்படி 13 வயது ஆகவேண்டும். நான் இன்னும் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போடச் சொல்வேன். தனியாக ஒரு வீடு மட்டும் மறுத்தால் பிள்ளை ஒதுக்கப்பட்டதாக உணரும். அதனால் அவளுடைய நெருங்கிய தோழிகள் மூன்று நான்கு பேரின் அம்மாக்களிடம் பேசுங்கள். எல்லோரும் சேர்ந்து "பத்தாம் வகுப்புக்குப் பிறகு" என்று முடிவெடுத்தால் சண்டை பாதியாகக் குறையும்.

கணக்குத் தொடங்கும்போது பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போடவே கூடாது. இதைப் பல பெற்றோரே செய்துகொடுக்கிறார்கள். இன்ஸ்டாகிராம் 2024இல் கொண்டுவந்து, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் விரிவாக்கிய பதின்ம வயதினர் கணக்கில் சில பாதுகாப்புகள் தானாகவே வரும். தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, கணக்கு பூட்டியே இருக்கும் (அனுமதி பெற்றவர்கள் மட்டுமே பார்க்கலாம்), இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் ஒலிக்காது. 16 வயதுக்குக் கீழ் இவற்றைத் தளர்த்த பெற்றோர் அனுமதி வேண்டும். 12 வயதுப் பிள்ளையை 21 என்று பதிவு செய்தால் இது ஒன்றுமே கிடைக்காது. அந்த இயந்திரத்துக்கு அவள் பெரிய பெண்.

ஆஸ்திரேலியா போல இங்கேயும் தடை செய்துவிட்டால் தீர்ந்துவிடாதா?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழானவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, நிறுவனத்துக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்தது சரியான பாதை என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒரு செயலியைத் தடை செய்தால் என்ன நடக்கும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். 2020 ஜூன் 29 அன்று, வேறு காரணங்களுக்காக, டிக்டாக்கை இந்தியா தடை செய்தது. பத்தே நாளுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே இறக்கியது. அதே வருடம் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. பிள்ளைகளின் கட்டைவிரல் பத்து நாள்கூடச் சும்மா இருக்கவில்லை.

இந்தியாவின் 2023 தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களின் தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்த விளம்பரத்தையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. உண்மையாகச் செயல்படுத்தினால் இது பெரிய காரியம்.

போனைப் பிடுங்கிவைத்தால் என்ன?

கோபத்தில் பிடுங்காதீர்கள். பரீட்சையில் மார்க் குறைந்தது, உடனே போனைப் பிடுங்கி உடைத்தார் அப்பா என்ற கதைகள் மோசமாக முடிந்த செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம். பிள்ளைக்கு அந்தப் போன் வெறும் பொழுதுபோக்கு இல்லை. நண்பர்கள் அதில் இருக்கிறார்கள். எச்சரிக்கையின்றி ஒரே நொடியில் அதை வெட்டினால், அவமானத்தோடு தனிமையும் சேர்ந்து தாக்கும்.

இன்னொன்று, இதுதான் பெரியது. "ஏதாவது தப்பு நடந்தால் போன் போய்விடும்" என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த முறை தப்பு நடக்கும்போது பிள்ளை உங்களிடம் வரவே வராது. மிரட்டுபவனுக்கும் அது தெரியும். "உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்பதுதான் அவன் கையில் இருக்கும் ஆயுதமே. அந்த ஆயுதத்தை நாமே செய்து கொடுக்கக்கூடாது.

குறைக்கவேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி, சேர்ந்து பேசி, ஒரு நேரம் வைத்துக் குறையுங்கள். எடுத்த நேரத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது கொடுங்கள். தெருவில் விளையாட விடாமல், நண்பன் வீட்டுக்கும் அனுப்பாமல், போனையும் எடுத்துவிட்டால் பிள்ளை சுவரையா பார்த்துக்கொண்டிருக்கும்?

படத்தை மார்ஃப் செய்து மிரட்டுகிறார்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

இது பிள்ளைகள் கேட்கும் கேள்வி, அதனால் நேராக உனக்கே சொல்கிறேன். தப்பு உன்னுடையது இல்லை. நீயே அனுப்பிய படமாக இருந்தாலும், அதை வைத்து மிரட்டுபவன்தான் குற்றவாளி.

பணம் கொடுக்காதே, இன்னொரு படமும் அனுப்பாதே. கொடுத்தால் மேலும் கேட்பான். பேச்சை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, அவனுடைய கணக்கின் பெயரைக் குறித்து வை. பிறகு பிளாக் செய். நம்பகமான பெரியவர் ஒருவரிடம் இன்றைக்கே சொல். அம்மா அப்பாவிடம் முடியாவிட்டால் சித்தி, மாமா, டீச்சர் யாராவது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098 குழந்தைகள் உதவி எண். சைபர் குற்றப் புகாருக்கு 1930. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரை வெளியிடக்கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே சொல்கிறது.

'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உன் போனிலேயே அதற்கு ஒரு அடையாளக் குறியீடு உருவாகும், அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிடும். பெரியவர்களுக்கு இதேபோல 'ஸ்டாப் என்சிஐஐ' உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை இதைச் சொல்ல வரும்போது உங்கள் முதல் வாக்கியம் "நல்லவேளை, என்னிடம் சொன்னாய்" என்பதாக இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பள்ளியின் பெயரில் ஒரு கன்ஃபெஷன் பேஜ் (பெயர் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் எழுதும் பக்கம்) ஓடுகிறது. அதில் பிள்ளைகளைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறார்கள்.

அந்தப் பேஜை ரிப்போர்ட் செய்யுங்கள், பலர் சேர்ந்து செய்யுங்கள். பள்ளி இதை "வெளியே நடப்பது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒதுக்கக்கூடாது. எழுதியவனைக் கண்டுபிடிப்பதில் காட்டும் வேகத்தை, எழுதப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருவதிலும் காட்டவேண்டும். அவள் மறுநாள் வகுப்புக்குள் நுழையும் அந்த முதல் பத்து நிமிடம் யார் துணை என்பதை முந்தைய நாளே முடிவு செய்யுங்கள்.

ரீல்ஸ் பார்த்துவிட்டு "எனக்கு ஏடிஎச்டி (கவனச் சிதறல் கோளாறு) இருக்கிறது", "எனக்கு ட்ராமா (ஆறாத மனக்காயம்)" என்கிறான். நம்புவதா?

சிரிக்காதீர்கள், அப்படியே ஏற்கவும் வேண்டாம். கனடாவில் ஏடிஎச்டி பற்றிய பிரபலமான 100 டிக்டாக் வீடியோக்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். அதில் 52 தவறான தகவல் கொண்டவை. ஆனால் பிள்ளை அந்தச் சொல்லைத் தேடிப்போனதற்கு ஏதோ ஒரு தவிப்பு காரணமாக இருக்கும். "எதைப் பார்த்து அப்படித் தோன்றியது?" என்று கேட்டால், சொல் தவறாக இருந்தாலும் தவிப்பு வெளியே வரும். மனநல மருத்துவரிடம் போவதை இழுக்காகப் பார்க்காத தலைமுறை ஒன்று வளர்ந்ததற்கு இந்த வீடியோக்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நல்லதே இல்லையா?

நிறைய இருக்கிறது. காது கேளாத பிள்ளை தன்னைப் போன்றவர்களைக் கண்டுபிடித்து சைகை மொழியில் பேசுவது, தன் பாலின ஈர்ப்பைப் பற்றி ஊரில் யாரிடமும் வாய் திறக்க முடியாத பிள்ளைக்கு "நீ மட்டும் இல்லை" என்று ஒரு குரல் கேட்பது, கிராமத்திலிருந்து ஒருத்தி வரைந்த படத்தைக் கடல்தாண்டி யாரோ பாராட்டுவது. மூர்த்தியின் எச்சரிக்கை அறிக்கையே, விளிம்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது ஆதரவாக இருப்பதைத் தனியாகக் குறிப்பிட்டது. அந்தப் பிள்ளைகளிடமிருந்து எடுக்கும்போது எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கவேண்டும்.

எந்த அறிகுறிகள் தெரிந்தால் கவலைப்பட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மாற்றம். தூக்கமும் சாப்பாடும் மாறுவது, பிடித்த விளையாட்டையோ பாட்டையோ விட்டுவிடுவது, நண்பர்களைத் தவிர்ப்பது, போன் அடித்தாலே முகம் மாறுவது, பள்ளிக்குப் போக வயிற்றுவலி, கையில் உள்ள காயத்தை மறைக்க வெயிலிலும் முழுக்கைச் சட்டை. திடீரென எல்லாக் கணக்குகளையும் அழித்துவிட்டு, தனக்குப் பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால் ஒரு நாளும் காத்திருக்கவேண்டாம்.

"செத்துப்போகலாம் போல இருக்கிறது" என்று ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். சும்மா கவனம் ஈர்க்கத்தானே?

கவனம் தேவைப்படுகிறது என்றால் கவனம் கொடுங்கள். தனியாகக் கூப்பிட்டு நேரடியாகக் கேளுங்கள்: "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பல பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியே பெரிய விடுதலை. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருள்களை வீட்டில் கைக்கெட்டாமல் அகற்றுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

நண்பர்கள் கவனத்துக்கு: "யாரிடமும் சொல்லாதே" என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள். அந்தச் சத்தியத்தை மீறலாம்.

எங்கே காட்டுவது? செலவு எவ்வளவு?

உடனே பேச, 14416. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு: 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

நேரில் காட்ட, மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். போன், கேம் பழக்கம் மிக முற்றிய நிலை என்றால் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

முதல் தடவை போகும்போது போனைப் பற்றிப் புகார் பட்டியலோடு போகாதீர்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எப்போதிருந்து மாற்றம் என்று குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவரிடம் பிள்ளை தனியாகப் பேசவேண்டும் என்றால், கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காருங்கள்.